எஞ்சியோர் யாருடைய பொறுப்பு?

ஒரு மரணம் நிகழ்ந்த வீட்டுக்கு ஊர் செய்யவேண்டிய கடமைகள் நமக்கு நன்கு தெரிந்தவை. குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, அடக்குவது, பின்னர் வீட்டாரைச் சென்று பார்த்து ஆறுதல் சொல்வது, அடுப்பெரியாத அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது. இவற்றை யாரும் நமக்குக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்ததில்லை. பிறந்து வளர்ந்த ஊரே படிப்பித்திருக்கிறது. ஆனால் அந்த மரணம் ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டதால் நேர்ந்தது என்றால், நன்கு பழகிய இந்த ஒழுங்கு தடுமாறிவிடுகிறது. வந்தவர்கள் முற்றத்தோடு திரும்புகிறார்கள். பள்ளிவாசலில் அறிவித்தல் கொடுப்பதா, கதீப் தொழுவிப்பாரா என்ற பேச்சு மெதுவாக எழுகிறது. ‘அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக’ என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். மையித்து வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் கவனிக்காமலில்லை.

இந்தத் தடுமாற்றத்தைக் கல்நெஞ்சம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. அந்தத் தர்க்கம் சரிதானா என்பதும், சரியில்லையென்றால் எஞ்சியிருப்பவர்களுக்கு ஆறுதலும் உதவியும் செய்யும் கடமை யாரைச் சேரும் என்பதும்தான் இக்கட்டுரையின் விசாரணை.

முதலில் அத்தர்க்கத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வோம். உயிர் அமானிதம். அதை அழிப்பது பெரும் பாவம். இதில் நம்மிடையே கருத்து வேறுபாடில்லை. அப்படியானால், பாவமான ஒரு மரணத்தையும் ஏனைய மரணங்களையும் ஊர் ஒரேவிதமாக நடத்தினால், அந்தத் தடை நாளடைவில் வலுவிழந்து போகாதா? ஒதுங்கி நிற்பது இறந்தவருக்கான தண்டனையல்ல, இருப்பவர்களுக்கான எச்சரிக்கை. இப்படித்தான் அந்த வாதம் செல்கிறது. இதற்கு ஆதாரமாக, தன்னை மாய்த்துக்கொண்ட ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தவில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அறிவிப்பு எடுத்துக்காட்டப்படும்.

ஆனால் அந்த அறிவிப்பை நமது மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி விளங்கிக்கொண்ட விதத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். நபியவர்கள் தாம் தொழுவிக்காமல் விட்டது பிறரைத் தடுப்பதற்காக. தோழர்கள் அவருக்காகத் தொழுதார்கள் என்பதே அவர் தரும் விளக்கம். கடன் வைத்து இறந்தவருக்கு நபியவர்கள் தாம் தொழுவிக்காது, தோழர்களைத் தொழச் சொன்னதை அவர் இதற்கு ஒப்பாகக் காட்டுகிறார். ஷாபிஈ, ஹனபி, மாலிகி மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்தும் தொழவேண்டும் என்பதுதான். இமாம் அஹ்மதின் கருத்தில்கூட, தலைமை இமாம் விலகி நிற்பார், மற்றவர்கள் தொழுவார்கள். ஆகவே அந்த எச்சரிக்கை ஒரே ஒருவரின் செயலோடு நின்றுவிட்ட ஒன்று. ஊர் முழுவதும் முதுகைக் காட்டுவதற்கு அங்கே அனுமதியில்லை. இறந்தவரின் மனைவி மக்களைப் பார்க்கப் போகாதீர்கள் என்று யாருக்கும் சொல்லப்படவுமில்லை.

அதே முஸ்லிம் கிரந்தத்தில் இன்னொரு சம்பவமும் பதிவாகியிருக்கிறது. துபைல் இப்னு அம்ர் (ரழி) அவர்களோடு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த ஒருவர், நோயின் வேதனை தாளாமல் தன் கைகளுக்குத் தீங்கு செய்து இறந்துபோகிறார். பின்னர் துபைல் அவரைக் கனவில் காண்கிறார். அவர் மன்னிக்கப்பட்டிருக்கிறார், கைகள் மட்டும் மூடப்பட்டிருக்கின்றன. இக்கனவை நபியவர்களிடம் சொன்னபோது, அவரது கைகளையும் மன்னித்துவிடுமாறு நபியவர்கள் துஆச் செய்தார்கள். இப்படி இறந்தவர் காபிராகிவிடுவதில்லை, அவரது விடயம் அல்லாஹ்வின் நாட்டத்துக்குரியது என்பதற்கு இது ஆதாரம் என்கிறார் நவவி. பாவம் பாவமாகவே இருக்கிறது. துஆவும் நிற்கவில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தேவையில்லை.

இனி, அந்த வாதத்தில் இருக்கும் நீதிப் பிழைக்கு வருவோம். ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் கோட்பாடு. ஊர் ஒதுங்கும்போது அந்த ஒதுக்கம் யாரைச் சென்றடைகிறது? இறந்தவர் நமது தீர்ப்பின் எல்லைக்கு அப்பால் போய்விட்டார். முற்றத்தோடு திரும்பும் காலடிகளை எண்ணிக்கொண்டிருப்பது ஒரு விதவை, ஒரு தாய், பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகள். செய்யாத ஒன்றுக்குக் கொடுக்கப்படும் தண்டனையை எச்சரிக்கை என்று பெயர் மாற்றி அழைத்தாலும் அது தண்டனைதான்.

இந்தப் பிழை நமது சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் பழைய சட்டம் தன்னுயிர் மாய்ப்பை ஒரு பெருங்குற்றமாக வகுத்து, இறந்தவரின் உடைமைகளை அரசுக்குப் பறிமுதல் செய்தது. பறிபோனது எஞ்சியிருந்த குடும்பத்தின் சோறு. எனவேதான் மரண விசாரணை ஜூரிகள் நாளடைவில் ‘இறந்தவர் சித்தசுவாதீனமற்றிருந்தார்’ என்று தீர்ப்பெழுதப் பழகிக்கொண்டார்கள். சட்டம் கைவிட்ட நீதியை ஒரு பொய்யின் மூலம் சாதாரண மனிதர்கள் காப்பாற்றினார்கள். நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் 1823இல் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. பறிமுதல் 1870இல் ஒழிந்தது. இரவில்தான் அடக்கவேண்டும் என்ற நிபந்தனை 1882இல் நீங்கியது. அச்செயல் குற்றம் என்ற நிலை 1961இல்தான் முடிவுக்கு வந்தது. இலங்கையில், உயிர்மாய்க்க முயல்வது 1998 வரை தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். சட்டங்கள் திருந்திவிட்டன. ஊர்வழக்கம் இன்னும் 1823க்கு முன்னால் நிற்கும் இடங்கள் உண்டு.

எஞ்சியிருப்பவர்கள் சுமப்பது என்ன என்பதை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. வேறெந்த மையித்து வீட்டிலும் ‘எப்படி நடந்தது?’ என்று கேட்பது ஓர் ஆறுதல். கேட்பவருக்குச் சொல்லிச் சொல்லியே துக்கம் கரைகிறது. இந்த வீட்டில் அதே கேள்வி விசாரணையாகிவிடுகிறது. ‘எப்படி’ என்பது ‘ஏன்’ ஆகிறது. ‘ஏன்’ என்பது ‘நீங்கள் என்ன செய்தீர்கள்’ ஆகிறது. வீட்டாரும் தமக்குள் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று காலையில் நான் சத்தம் போட்டிராவிட்டால், தொலைபேசியை எடுத்திருந்தால், கடனைப் பற்றிக் கேட்டிராவிட்டால் என்று. நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது எல்லாச் சிறு நிகழ்வுகளும் அடையாளங்களாகத் தோன்றும். முன்னால் நின்று பார்த்தபோது அவை அடையாளங்களாக இருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்று நடந்ததனாலேயே ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது. காரணங்களில் ஒன்றாக இருப்பதுகூடக் குற்றமாகிவிடாது. இந்த வேறுபாட்டைத் துக்கத்தின் நடுவில் ஒருவர் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. அருகில் இருந்து பொறுமையாகச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவின் எட்வின் ஷ்னைட்மன் இத்துறையின் முன்னோடி. 1958இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தற்கொலைத் தடுப்பு நிலையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மரணத்துக்குப் பிறகு எஞ்சியோருக்குச் செய்யும் உதவிக்கென்று தனியானதொரு சொல்லையே அவர் உருவாக்கினார். அந்த உதவி அடுத்த தலைமுறைக்கான தடுப்பு என்பது அவரது கருத்து. ஒரு மரணத்தால் ஆறு பேர் ஆழமாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்று அவர் காலத்தில் மதிப்பிட்டார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இறந்தவரை அறிந்தவர்கள் என்ற வகையில் ஒவ்வொரு மரணத்துக்கும் 135 பேர் அதன் தாக்கத்துக்கு உட்படுகிறார்கள் என்று கணித்தது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் 18 முதல் 40 வயது வரையான 3432 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு இன்னும் கவலைக்குரியது. உறவினரையோ நண்பரையோ இவ்வாறு இழந்தவர்கள், திடீர் இயற்கை மரணத்தில் இழந்தவர்களைவிட, தாமும் உயிர்மாய்க்க முயன்றிருப்பதற்கான வாய்ப்பு 65 வீதம் அதிகமாக இருந்தது.

ஒதுங்கி நிற்றல் எச்சரிக்கை என்ற வாதம் இங்கேதான் முற்றாக உடைந்துபோகிறது. எந்த வீட்டில் அடுத்த ஆபத்து அதிகமோ அந்த வீட்டிலிருந்துதான் ஊர் விலகி நிற்கிறது. உயிரைக் காப்பதற்காகக் காட்டப்படும் கடுமை, உயிருக்குக் கேடாக முடிகிறது.

சரி, அப்படியானால் நாம் எல்லோரும் நல்ல அயலவர்களாக இருந்தால் போதாதா, இதற்கென்று பொதுச் சேவை எதற்கு என்று கேட்கலாம். துக்கத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள்தான்.

முதலாவதற்கு இரண்டு பதில்கள். அயலவரின் அன்புக்கு ஈடில்லை என்பது உண்மை. ஆனால் சோறு கொண்டுவருபவரும் கதை கொண்டுபோகிறவரும் சிலவேளை ஒரே ஆளாகவே இருப்பார். ஊருக்குள் வாழ்ந்தாகவேண்டிய ஒரு பெண், கணவன் மீது தனக்கிருக்கும் கோபத்தை, ஆம், அந்தத் துக்கத்தில் கோபமும் இருக்கும், மாமியின் முன்னாலோ அடுத்த வீட்டுத் தாத்தாவின் முன்னாலோ சொல்ல முடியாது. அதற்கு, கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், எந்தக் குடும்பத்தோடும் சம்பந்தமில்லாத ஒரு காது வேண்டும்.

இரண்டாவது பதில் பர்ளு கிபாயா என்ற நமது சொந்தக் கருத்திலேயே இருக்கிறது. ஜனாஸாத் தொழுகை தனித்தனியாக ஒருவரின் பெயரைக் குறித்து விதிக்கப்பட்டதல்ல. சிலர் செய்தால் எல்லோரின் கடமையும் நீங்கும். எவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். பெயர் குறிக்கப்படாத கடமைக்கு ஓர் இயல்பான ஆபத்து உண்டு. ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒவ்வொருவரும் நினைத்து, கடைசியில் ஒருவரும் பார்க்காமல் போவது. அதனால்தான் ஊர்கள் ஜனாஸாச் சங்கங்களை அமைத்தன, சந்தூக்கு வாங்கி வைத்தன, கபுறு வெட்டுவதற்கு ஆட்களை நியமித்தன. மார்க்கச் சட்டப்படி ஆறுதல் சொல்வது சுன்னத்துத்தான். அதை நான் பர்ளாக்க வரவில்லை. ஆனால் ஓர் உயிர் ஆபத்தில் இருக்கும்போது அதைக் காப்பாற்றுவது வெறும் நற்பண்பு அல்லவே. எல்லோருக்கும் பொதுவான கடமையை யாராவது ஒருவரின் குறித்த வேலையாக ஒழுங்குசெய்வதற்குப் பெயர்தான் பொதுச் சேவை.

அடுத்தது அரசாங்கத்தைப் பற்றிய கேள்வி. அரசாங்கம் அந்த வீட்டுக்கு ஏற்கனவே வந்துவிட்டது என்பதே அதற்கான பதில். பொலிஸ் வருகிறது. கிராம உத்தியோகத்தர் வருகிறார். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து வாக்குமூலம் எழுதுகிறார். பிரேத பரிசோதனைக்காக வைத்தியசாலை உடலைக் கேட்கிறது. அன்றே அடக்கிவிட வேண்டும் என்று தவிக்கும் குடும்பம் சவச்சாலை வாசலில் காத்துக் கிடக்கிறது. மறுநாள் பத்திரிகையில் ‘தவறான முடிவெடுத்து’ என்ற, நமது செய்தியாளர்களின் கைப்பழக்கமாகிவிட்ட அந்தச் சொற்றொடர் வருகிறது. செய்தியோடு தீர்ப்பும் சேர்ந்து வருகிறது. ஆக, அந்த வாசலை அரசும் சமூகமும் ஏற்கனவே தாண்டியாகிவிட்டது. எழுதிக்கொள்வதற்காக வந்த கை, எதையாவது கொடுத்துவிட்டும் போகலாகாதா என்பதுதான் கேள்வி.

பிற நாடுகள் சில இதை முயன்று பார்த்திருக்கின்றன. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரத்தில், 1990களின் பிற்பகுதியில், மரண விசாரணை அதிகாரியோடு சேர்ந்து ஒரு சிறு குழுவும் அந்த வீட்டுக்குச் செல்லும் முறை தொடங்கியது. அக்குழுவில் பயிற்சி பெற்ற ஆலோசகரோடு, முன்பு இதே துக்கத்துக்குள்ளான ஒருவரும் இருப்பார். இவ்வாறு வீடு தேடிச் சென்று சந்திக்கப்பட்டவர்கள், தாமாக முகவரி தேடி வந்தவர்களைவிட மிக விரைவாக உதவியை நாடினார்கள் என்று அங்கு செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டின. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2002இல் ‘ஸ்டான்ட்பை’ என்ற சேவை ஆரம்பமாகி, பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. இங்கிலாந்தில், இவ்வாறு உறவினரை இழந்தவர்கள் தாங்களே ஒன்றுகூடிய சங்கம் 1991இலேயே உருவாகிவிட்டது. அரசின் 2012ஆம் ஆண்டுத் தடுப்புத் திட்டம் எஞ்சியோருக்கான ஆதரவை அதன் ஆறு துறைகளில் ஒன்றாக ஏற்றது. 2019இல் தேசிய சுகாதார சேவை, நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் இத்தகைய ஆதரவை ஏற்படுத்துவதாக வாக்களித்தது.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரேயொரு விடயம். காத்திருக்கும் சேவை வேறு, தேடிப்போகும் சேவை வேறு. நமது சூழலில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். மிக ஆபத்தான அந்த மாதங்களில், பட்டணத்து அலுவலகமொன்றின் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும் அவளுக்கு அதனால் பயனில்லை. அவளைத் தேடி ஒரு பெண் ஊழியர் போகவேண்டும். இத்தா ஒரு தடை என்று நினைக்கத் தேவையில்லை. எந்த வீட்டில், எவ்வளவு காலம் அவளைச் சந்திக்கலாம் என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த சமூகம் வேறேது?

ஜப்பானின் கதையை இலக்கிய வாசகர்களாகிய நாம் தனியாகக் கவனிக்கவேண்டும். அங்கு 1998 முதல் 2011 வரை, பதினான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக, ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் தம்மை மாய்த்துக்கொண்டார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கும் ‘அஷினாகா’ என்ற அமைப்பில், இவ்வாறு தந்தையை அல்லது தாயை இழந்த மாணவர்களும் இருந்தார்கள். வாப்பா எப்படி இறந்தார் என்று கேட்டால் விபத்து என்றும் நோய் என்றும் சொல்லிப் பழகிய பிள்ளைகள். 2000ஆம் ஆண்டில் அவர்கள் தம் அனுபவங்களை எழுதிச் சிறு தொகுப்பாக வெளியிட்டார்கள். 2002இல் அது நூலாகவும் வந்தது. அதன் தலைப்பின் பொருள், தற்கொலை என்று சொல்ல முடியவில்லை என்பது. 2001இல் அம்மாணவர்கள் பிரதமரையே நேரில் சந்தித்தார்கள். 2006இல் ஜப்பானியப் பாராளுமன்றம் தற்கொலைத் தடுப்புக்கான அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, எஞ்சியிருக்கும் குடும்பத்தாருக்கான ஆதரவும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. அச்சட்டத்துக்குப் பல கைகள் உழைத்தன. ஆனால் வெட்கத்தின் பூட்டை முதலில் திறந்தது பிள்ளைகளின் வசனங்கள்.

இருபது வருடங்களாகக் கிராமத்துப் பாடசாலையில் படிப்பிப்பவன் என்ற வகையில் இதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் வகுப்புக்குத் திரும்பும் பிள்ளையின் வாங்கில், மற்றப் பிள்ளைகள் சற்றுத் தள்ளியே உட்காருவார்கள். வீட்டில் ஒரு கதை சொல்லப்பட்டிருக்கும், விளையாட்டு மைதானத்தில் வேறொரு கதை கிடைக்கும். பொய்யைக் காக்கும் வேலையை ஒன்பது வயதுத் தோளில் ஏற்றுவது நியாயமா? பிள்ளையின் வயதுக்கேற்ற அளவில், நம்பிக்கையான ஒருவர் உண்மையைச் சொல்வதே நல்லது என்பது இத்துறையில் உழைப்பவர்களின் பொதுவான கருத்து. உண்மையோடு இரண்டு விடயங்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: இது உன்னால் நடந்ததல்ல, வாப்பாவுக்காக நீ துஆச் செய்யலாம்.

இனி நமது நாடு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 வீதத்தால் வீழ்ச்சியடைந்தது. இதற்கான முக்கிய காரணம், மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தமைதான் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மக்களின் ஈமான் அந்த இருபது ஆண்டுகளில் 70 வீதம் கூடிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கண்டித்தும் ஒதுக்கியும் காப்பாற்ற முடியாத பல்லாயிரம் உயிர்களைச் சில வர்த்தமானி அறிவித்தல்கள் காப்பாற்றின. பொது நடவடிக்கையின் பலத்துக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. ஆயினும் 2010களிலும்கூட ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பேர் இவ்வாறு இறந்தார்கள். ஒரு மரணத்துக்கு ஆறு பேர் என்ற பழைய, குறைந்த கணக்கை எடுத்தாலும், வருடந்தோறும் பதினெட்டாயிரம் பேர் புதிதாக இத்துக்கத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கென்று ஒன்றுமே இல்லை என்று சொல்வது அநியாயம். 1974இல் தொடங்கப்பட்ட ‘சுமித்ரயோ’ தொண்டர்கள், யாரென்று கேளாமல், தீர்ப்புச் சொல்லாமல், இரகசியம் காத்துச் செவிமடுத்து வருகிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இல்லாதது இவற்றுக்கும் அந்த வீட்டுக்கும் இடையிலான பாதை. திடீர் மரண விசாரணை அதிகாரி, அறிக்கையில் கையொப்பம் வாங்கும்போது, மூன்று மொழிகளில் அச்சிட்ட ஒரு சிறு துண்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வீட்டாரின் சம்மதத்தோடு உளவளத்துணை உத்தியோகத்தருக்கு ஒரு தகவல் அனுப்பலாம். கர்ப்பிணியையும் குழந்தையையும் பார்க்க ஒழுங்கையெல்லாம் ஏறி இறங்கும் மருத்துவமாது, இத்தா இருக்கும் பெண்ணின் வாசலிலும் சற்று நிற்கலாம். புதிய கட்டடமோ புதிய திணைக்களமோ இதற்குத் தேவையில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக்கூடியது இன்னும் இலகுவானது. இப்படியொரு மரணம் நேரும்போது யார் தொழுவிப்பது என்பதை மையித்தை வைத்துக்கொண்டு விவாதிக்காமல், முன்கூட்டியே முடிவுசெய்து வைக்கலாம். முதல் நாளில் அந்த வீட்டுக்கு யார் போவது, நாற்பதாம் நாளில் யார் போவது என்பதையும் பெயர் குறித்து வைக்கலாம். முஃதா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதானபோது அவரது வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். அவர்கள் காட்டிய காரணம், அக்குடும்பத்தாருக்குத் தம் கவலையே போதுமாக இருக்கிறது என்பதுதான். அந்தக் காரணத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். இறந்தவரின் மரணம் எத்தகையது என்பது அதில் கணக்கில் வரவில்லை. இருப்பவர்களின் நிலைதான் கணக்கில் வந்தது. ஷஹீதின் வீட்டுக்குச் சோறு போனதற்கான காரணம் அதுவென்றால், வாசலில் யாரும் வந்து நிற்காத வீட்டுக்கு அதே காரணம் இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது.